பதிவேடு காக்கும் பணி

நிலம் கையில் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள் அன்று. மாட்டை விற்பவன் கயிற்றைப் பிடித்து வாங்குபவன் கையில் கொடுக்கிறான். நெல்லை விற்பவன் மரக்காலால் அளந்து கொட்டுகிறான். நிலத்தை விற்பவனோ, அதை இருந்த இடத்திலேயே விட்டுச் செல்கிறான். நேற்று ஒருவனுக்கு உரியதாயிருந்த நிலம் இன்று மற்றொருவனுக்கு உரியதாயிற்று என்பதை நிலத்தைப் பார்த்து அறிய இயலாது. வேலியும் கிணறும் மரங்களும் நேற்றிருந்தவாறே இருக்கின்றன. பழங்கால இங்கிலாந்தில் இந்த இடர்ப்பாட்டை நீக்க ஒரு வழக்கம் இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் அயலார் சிலரை அழைத்துக்கொண்டு அந்நிலத்திற்கே செல்வர். விற்பவர் அங்கிருந்து ஒரு மண்கட்டியையோ சிறு கிளையையோ எடுத்து, எல்லாரும் காண வாங்குபவர் கையில் வைப்பார். நிலம் கைமாறியதற்கு அதுவே அடையாளம். கண்டவர்களுடைய நினைவே பதிவேடு. ஆனால், கண்டவர்கள் மூப்படைவார்கள், மறப்பார்கள், ஒருநாள் இறந்தும் போவார்கள்.

கடல் கடந்து வட அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயர்க்கு இவ்வழக்கம் சிறிதும் போதவில்லை. ஊர் புதிது, அயலாரும் புதியர். இவ்வாண்டு பக்கத்து நிலத்தை உழுபவர் அடுத்த ஆண்டு வேறிடம் பெயர்ந்துவிடுவர். அவருடைய நினைவை நம்பி யார் பணம் கொடுப்பார்? ஆகவே, மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தார் 1640-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். ஒருவர் தம் நிலத்தை விற்றோ அடமானம் வைத்தோ, அதன்பின்னும் அந்நிலத்திலேயே இருந்து வருவாராயின், அந்த விற்பனையும் அடமானமும் பதிவேட்டில் ஏறினாலன்றிப் பிறரைக் கட்டுப்படுத்தா என்பது அச்சட்டத்தின் கருத்து. விற்றவரையும் அவர் வழியினரையும் மட்டுமே அவை கட்டுப்படுத்தும். சில வரிகளே கொண்ட இச்சட்டத்தில் ஊன்றிய விதைதான், இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கவுண்டிப் பதிவாளர் அலுவலகம் என்னும் பெருமரமாய்ப் பரந்து நிற்கிறது.

கவுண்டி என்பது அந்நாட்டு மாநிலங்களின் உட்பிரிவு; ஏறக்குறைய நம் மாவட்டத்தைப் போன்றது. லூயிசியானா மாநிலத்திலும் அலாஸ்கா மாநிலத்திலும் அவ்வுட்பிரிவுக்கு வேறு பெயர்கள் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் அந்நாட்டில் இத்தகைய பிரிவுகள் 3,000-க்கு மேற்பட்டவை. பதிவாளர்க்கும் எங்கும் ஒரே பெயர் இல்லை. கலிபோர்னியா, ஒகையோ, அரிசோனா போன்ற மாநிலங்களில் அவர் ‘கவுண்டி ரிக்கார்டர்’ எனப்படுகிறார். வட கரோலினாவிலும் மிச்சிகனிலும் ‘ரிஜிஸ்டர் ஆப் டீட்ஸ்’ எனப்படுகிறார். கனெக்டிகட், வெர்மான்ட் ஆகிய சிறு மாநிலங்களில் இப்பணியைச் செய்பவர் கவுண்டியின் அலுவலரே அல்லர். ஊர் எழுத்தரே செய்கிறார். பல மாநிலங்களில் பதிவாளரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்திரங்களை வாங்கி அடுக்கிவைக்கும் ஓர் எழுத்தர்க்குத் தேர்தல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஓர் ஊரின் சொத்துரிமை முழுவதும் எவருடைய அறையில் இருக்கிறதோ, அவரை மேலிருந்து எவரும் அமர்த்தலாகாது என்று அம்மக்கள் எண்ணினர் போலும்.

அலுவலகத்தின் அன்றாட வேலை பார்வைக்கு மிக எளியது. நிலம் வாங்கிய ஒருவர், விற்றவர் கையொப்பமிட்ட பத்திரத்தைக் கொண்டு வருகிறார். விற்றவர் உடன் வரவேண்டுவதில்லை. அவர் முன்னரே ‘நோட்டரி பப்ளிக்’ எனப்படும் சான்றுறுதியாளர் எதிரில் நின்று, ‘இது நான் விரும்பி இட்ட கையொப்பமே’ என்று ஒப்புக்கொண்டிருப்பார். அதற்குரிய சான்றும் முத்திரையும் பத்திரத்தில் இருக்கும். அலுவலகத்தார் சிலவற்றை மட்டும் பார்ப்பர். பெயர்கள் தெளிவாக உள்ளனவா? நிலத்தின் விவரம் உள்ளதா? சான்றுறுதி உண்டா? கட்டணமும் கைமாற்று வரியும் செலுத்தப்பட்டனவா? எல்லாம் சரியாயின், பத்திரத்தின்மேல் ஓர் எண்ணும், நாளும், மணியும், நிமிடமும் பொறிப்பர். அதைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பர். பிறகு பெயர்களை அகரவரிசைக் குறிப்பேட்டில் ஏற்றுவர். பதிவு முடிந்தது. தமிழ்நாட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பவரும் சாட்சிகளும் நேரில் வந்து, கையொப்பமும் கைவிரல் பதிவும் இட்டு, புகைப்படமும் எடுத்துக்கொள்ளும் காட்சியைக் கண்டவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

வியப்புக்கு இன்னும் ஒன்று உண்டு. 1908-ஆம் ஆண்டின் இந்தியப் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்டே தீரவேண்டும். பதிவு பெறாத பத்திரம் நிலத்தை மாற்றிக் கொடுக்காது. அமெரிக்காவிலோ, பதிவு செய்யப்படாத பத்திரமும் விற்றவர்க்கும் வாங்கியவர்க்கும் இடையே செல்லும். பதிவாளர் எவரையும் பதிவு செய்யுமாறு வற்புறுத்துவதில்லை. அப்படியாயின், மக்கள் ஏன் கட்டணம் கொடுத்துப் பதிவு செய்கின்றனர்?

இதற்கு விடை காண ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கலாம். கலிபோர்னியாவில் ஒருவர் தம் நிலத்தைத் திங்கட்கிழமை ஒருவர்க்கு விற்கிறார். வாங்கியவர் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு உறவினர் திருமணத்திற்குப் போய்விடுகிறார். விற்றவர் நல்லவர் அல்லர். புதன்கிழமை அவர் அதே நிலத்தை இரண்டாமவர் ஒருவர்க்கு விலை பேசுகிறார். இரண்டாமவர் எச்சரிக்கை உடையவர். பதிவாளர் அலுவலகத்திற்குச் சென்று ஏட்டைப் பார்க்கிறார். திங்கட்கிழமை விற்பனையைப் பற்றி அதில் ஓர் எழுத்தும் இல்லை. நம்பிப் பணம் கொடுக்கிறார். மறுநாளே தம் பத்திரத்தைப் பதிவு செய்கிறார். வெள்ளிக்கிழமை முதலாமவர் திரும்பி வந்து, ‘நானன்றோ முதலில் வாங்கினேன்!’ என்று கூவினாலும், நிலம் இரண்டாமவர்க்கே உரியதாகும். முதலாமவர் விற்றவர்மேல் வழக்குத் தொடுக்கலாம். ஆனால், இத்தகைய மனிதர் வெள்ளிக்கிழமை வரையில் ஊரில் தங்கியிருப்பதில்லை. பத்திரத்தின்மேல் மணியையும் நிமிடத்தையும் கூடப் பொறிப்பதன் காரணம் இப்போது விளங்கும். அந்த முத்திரை அலங்காரத்திற்காக இடப்படுவதன்று. ஒருவருடைய வாழ்நாள் ஈட்டம் அதில் தொங்கிக்கொண்டிருக்கலாம். வட கரோலினாவில் விதி இன்னும் கடுமையானது. அங்கே இரண்டாமவர் முதல் விற்பனையை அறிந்திருந்தாலும் பொருட்டில்லை. யார் முதலில் பதிவு செய்தாரோ அவரே வென்றவர்.

இவ்விதிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. பதிவேட்டில் ஏறிய ஒரு செய்தியை எல்லாரும் அறிந்தவராகவே சட்டம் கொள்ளும். ‘யான் அந்த ஏட்டைப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது’ என்று எவரும் சொல்லித் தப்ப இயலாது. ஆகவேதான் ஏடு எல்லார்க்கும் திறந்திருக்கவேண்டும் என்பது அங்கே இன்றியமையாத விதியாயிற்று. மூடிவைத்த ஏட்டை அறிந்திருக்கவேண்டும் என்று சொல்வது அநீதி அன்றோ? நிலத்துக்குத் தொடர்பே இல்லாத வழிப்போக்கர் ஒருவரும் உள்ளே சென்று, ஊரின் பெருஞ்செல்வர் தம் மாளிகையை அடமானம் வைத்திருக்கிறாரா என்று பார்க்கலாம். ‘உமக்கு எதற்கு?’ என்று எவரும் கேட்பதில்லை.

திறந்திருந்தால் மட்டும் போதாது. தேடியது கிடைக்கவும் வேண்டும். ஒரு கவுண்டியில் நூறு ஆண்டுகளில் சேர்ந்த பத்திரங்கள் பல இலட்சம் இருக்கும். அவற்றுள் ஒரு துண்டு நிலத்தைப் பற்றியவற்றை மட்டும் எவ்வாறு பொறுக்கி எடுப்பது? இதற்கென இரண்டு குறிப்பேடுகள் வைத்திருக்கின்றனர். ஒன்று எழுதிக் கொடுத்தவர் பெயரால் அமைந்தது. மற்றொன்று எழுதி வாங்கியவர் பெயரால் அமைந்தது. இன்று நிலத்தை உடையவரின் பெயரை வாங்கியவர் குறிப்பேட்டில் தேடினால், அவருக்கு விற்றவர் யார் என்பது தெரியும். விற்றவரின் பெயரை மீண்டும் அதே குறிப்பேட்டில் தேடினால், அவர் யாரிடம் வாங்கினார் என்பது தெரியும். இவ்வாறு ஒரு சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் பிடித்துச் செல்லலாம். பிறகு கொடுத்தவர் குறிப்பேட்டை எடுத்து, அவர்களுள் எவரேனும் இடையில் வேறு யார்க்கேனும் விற்றாரா, கடனுக்கு ஈடு வைத்தாரா என்று முன்னோக்கி வரவேண்டும். ஓர் எழுத்தர் ஒரு பெயரைப் பிழையாக எழுதிவிட்டால், அப்பத்திரம் ஏட்டில் இருந்தும் இல்லாததாகிவிடும். தேடுபவர் கண்ணில் அது படாது. அப்பிழையின் இழப்பை யார் தாங்குவது என்பதில் அந்நாட்டு நீதிமன்றங்களே ஒருமுகமாகத் தீர்ப்பளிக்கவில்லை. யூட்டா, நெப்ராஸ்கா போன்ற சில மாநிலங்களில் பெயரை விட்டு நிலத்தின் பகுதியைக் கொண்டே குறிப்பேடு அமைத்திருக்கின்றனர். அது மிகவும் எளிது.

அவ்வாறு செய்வதற்கு அங்கு நிலமே இடங்கொடுத்தது. 1785-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, மேற்குப் பகுதி நிலங்கள் சதுரங்கப் பலகைபோல் அளக்கப்பட்டன. பக்கத்துக்கு 6 மைல் கொண்ட ஒவ்வொரு சதுரமும் 36 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டம் 640 ஏக்கர். கட்டத்தின் எண்ணைச் சொன்னால் நிலம் விளங்கிவிடும். கிழக்கிலுள்ள பழைய மாநிலங்களிலோ, ‘பெரிய ஓக் மரத்தில் தொடங்கி, ஓடைக்கரை வழியே சென்று, கற்குவியல் வரையில்’ என்ற முறையில் பத்திரம் எழுதினர். ஓக் மரம் விழுந்து, ஓடையும் திசைமாறிய பின் பதிவேடு எத்துணைத் துல்லியமாயிருந்தும் என்ன பயன்!

தேடும் வேலையைப் பதிவாளர் செய்து கொடுப்பதில்லை என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. தமிழ்நாட்டில் கட்டணம் கட்டினால் பதிவுத்துறையினரே வில்லங்கச் சான்று தருகிறார்கள். அமெரிக்கப் பதிவாளர் அவ்வாறு தருவதில்லை. நிலம் யாருக்கு உரியது என்று அவரைக் கேட்டால், ஏட்டைக் கையால் காட்டுவாரேயன்றி வாயால் விடை சொல்லமாட்டார். பத்திரத்தில் சொல்லியது உண்மையா, விற்றவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று ஆராய்வதும் அவர் கடமையன்று. கொண்டு வந்தது விதிப்படி அமைந்திருந்தால் ஏற்றுக்கொள்வார், அவ்வளவே. அறிஞரோ அறியாதவரோ, நல்லவரோ தீயவரோ, முதலில் வந்தவர்க்கு முந்திய எண். தீர்ப்பளிக்காமல் எழுதி வைத்தல் என்னும் இக்கடமையின் வலிமையையும் அதன் கொடுமையையும் அந்நாட்டு வரலாறு பின்னர்க் காட்டியது.

நிலக்கிரயம் மட்டுமே பதிவாகிறது என்று எண்ணலாகாது. வீடு வாங்கக் கடன் கொடுத்த வங்கியின் அடமானம் பதிவாகும். கடன் தீர்ந்ததும் அதற்குரிய விடுதலைப் பத்திரமும் பதிவாகவேண்டும். இல்லையேல், கட்டித் தீர்த்த கடன் ஏட்டில் தீராமலே நிற்கும். அண்டை நிலத்தின் வழியே நடந்து செல்லும் உரிமை, புது மனைப் பிரிவுகளின் வரைபடம், பிறர் சார்பில் செயலாற்றும் அதிகாரப் பத்திரம் ஆகியவையும் வரும். கூரை வேய்ந்த தச்சருக்கு உடையவர் கூலி கொடாவிட்டால், தச்சர் தம் உரிமையை எழுதிப் பதிவு செய்யலாம். கூலி தீரும்வரையில் அவ்வீட்டை விற்பது எளிதன்று. நீதிமன்றத்திற்குச் சென்று அலைய இயலாத உழைப்பாளிக்கு அந்த ஒரு தாள் பெருந்துணை. போரிலிருந்து திரும்பிய வீரர் பலர் தம் படைவிடுப்புச் சான்றையும் கட்டணமின்றிப் பதிந்து வைத்தனர். வீட்டில் தாள் தொலைந்தாலும் கவுண்டியில் படி இருக்கும் அன்றோ? அரிசோனாவில் வாக்காளர் பட்டியலைப் பேணுவதும் பதிவாளர் பணியே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரையில், தென்மாநிலங்களின் பதிவேடுகளில் இவற்றோடு வேறொன்றும் இருந்தது. மனிதரை விற்ற பத்திரங்களும், மனிதரை ஈடு வைத்த பத்திரங்களும் அங்கே நிலக்கிரயங்களுக்கு இடையிலேயே காணப்படுகின்றன. அடிமையை விடுதலை செய்த பத்திரங்களும் அவ்வேடுகளிலேயே உள்ளன. எல்லாம் ஒரே அழகிய கையெழுத்து, ஒரே மை. மேரிலாந்து மாநிலத்தில் 1818-ஆம் ஆண்டில் அடிமையாகப் பிறந்த பிரடரிக் டக்ளஸ், சிறுவராயிருந்தபோது இறந்துபோன உடைமையாளரின் சொத்துக்களோடு சேர்த்து மதிப்பிடப்பட்டார். குதிரைகளும் மாடுகளும் இருந்த வரிசையில் அவரும் நிறுத்தப்பட்டார். 1838-இல் தப்பியோடி வட மாநிலங்களை அடைந்தார். அடிமைமுறையின் கொடுமையை எடுத்துரைத்த பெருஞ் சொற்பொழிவாளராய் உலகெங்கும் புகழ் பெற்றார். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் ஒருவருடைய உடைமையே. அவர் இங்கிலாந்தில் இருந்தபோது, அங்கிருந்த நண்பர்கள் 150 பவுன் திரட்டி அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினர். 1846 டிசம்பரில் அவ்விடுதலை பால்டிமோரில் ஆவணமாக எழுதப்பட்டுப் பதிவாயிற்று. மனிதனை விலை கொடுத்து மீட்பது அடிமைமுறையை ஒப்புக்கொள்வதாகும் என்று அவருடைய தோழர்களுள்ளேயே சிலர் குறை கூறினர். ஆனால், அந்தத் தாள் இன்றி அவர் அச்சமில்லாமல் தாய்நாட்டிற்குத் திரும்பியிருக்க இயலாது.

இதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1881-இல், குடியரசுத் தலைவர் கார்பீல்டு, தலைநகராகிய வாஷிங்டனின் ஆவணப் பதிவாளராக டக்ளஸை அமர்த்தினார். வாஷிங்டன் ஒரு கவுண்டி அன்று. ஆயினும் கவுண்டிப் பதிவாளரின் கடமைகளே அங்குப் பதிவாளர்க்கும் உரியவை. 1886 வரையில் அவர் அப்பதவியை வகித்தார். ஒரு காலத்தில் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாயிருந்தவர், தலைநகரத்து நிலங்களின் உரிமைக்கெல்லாம் காவலராய் அமர்ந்து ஏடுகளைப் பார்வையிட்டார். அவருக்குப் பின்னரும் நெடுங்காலம் கறுப்பின மக்களுள் பலர் அப்பதவியில் அமர்ந்தனர்.

ஏடு இருக்கும்வரையில் அதன் அருமை எவர்க்கும் தெரிவதில்லை. சிகாகோ நகரத்தார் அதை ஓரிரவில் அறிந்தனர். 1871 அக்டோபர் 8-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை இரவு அந்நகரில் தீப்பற்றியது. நெடுநாளாக மழையில்லை, வீடுகளும் நடைபாதைகளும் மரத்தால் ஆனவை, காற்றோ கடுமையாக வீசியது. நள்ளிரவுக்குப் பின் தீ நகரின் நடுவிலிருந்த நீதிமன்றக் கட்டடத்தைப் பற்றியது. கீழ்த்தளத்துச் சிறையில் இருந்தவர்களைத் திறந்துவிட்டனர். சற்று நேரத்தில் கோபுரத்து மணி பேரொலியோடு கீழே விழுந்தது. குக் கவுண்டியின் பதிவேடுகள் யாவும் அக்கட்டடத்தில்தான் இருந்தன. விடிவதற்குள் அவை சாம்பலாயின. அத்தீயில் ஏறத்தாழ 300 பேர் இறந்தனர்; 17,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன; ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வீடிழந்தனர். வீடு எரிந்தவர்க்கு மனையாவது எஞ்சும்; ஆனால், அம்மனை அவருடையது என்பதற்குச் சான்று எங்கே? வீட்டில் வைத்திருந்த பத்திரமும் எரிந்தது. கவுண்டியிலிருந்த படியும் எரிந்தது. சான்றில்லாத மனைக்கு எந்த வங்கியும் கடன் தராது. கடனின்றி எரிந்த நகரைக் கட்டுவது எவ்வாறு?

நகரைக் காத்தது எதிர்பாராத ஒரு துணை. அந்நகரில் மூன்று தனியார் நிறுவனங்கள், நிலம் வாங்குவோர்க்கு உரிமை வரலாற்றைச் சுருக்கி எழுதிக் கொடுக்கும் தொழிலை நடத்தி வந்தன. இதற்காக அவை பதிவாளர் அலுவலகத்து ஏடுகளிலிருந்து ஒவ்வொரு பத்திரத்தின் சுருக்கத்தையும் நாள்தோறும் எழுதி வைத்திருந்தன. தீ நெருங்கிய அவ்விரவில், அவற்றுள் ஒன்றின் உரிமையாளராகிய ஜான் ஷார்ட்டால் என்பவர் தெருவில் சென்ற ஒரு பாரவண்டியை மறித்து நிறுத்தினார். அவர்தம் வீட்டுப் பொருள்களையோ பணப்பெட்டியையோ அதில் ஏற்றவில்லை. தடித்த கணக்கேடுகளைத்தான் ஏற்றினார். சுற்றிலும் தீப்பொறி பறக்க, வண்டி நகரின் புறத்தே தப்பிச் சென்றது. மற்ற இரண்டு நிறுவனத்தாரும் தம்மால் இயன்றதைக் காத்தனர். ஆனால், ஒருவரிடமும் ஏடுகள் முழுமையாக இல்லை. ஒருவர் இழந்தது மற்றொருவரிடம் இருந்தது. அதுவரையில் போட்டியாளராயிருந்த மூவரும் தம் ஏடுகளை ஒன்றாகச் சேர்த்தனர். சேர்த்தபோது நகரத்து நிலங்களின் வரலாறு மீண்டும் உருப்பெற்றது. 1872-இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம், எரிந்துபோன ஆவணங்களுக்கென்றே ஒரு தனிச் சட்டம் செய்தது. அந்தத் தனியார் சுருக்கங்களை நீதிமன்றங்கள் சான்றாக ஏற்று, உரிமையை மீண்டும் நிலைநாட்ட அச்சட்டம் வழி செய்தது. 1906-இல் நிலநடுக்கமும் தீயும் சான்பிரான்சிஸ்கோவை அழித்தபோதும் இதுபோன்ற ஒரு சட்டம் தேவைப்பட்டது.

இத்தகைய அழிவுகளைக் கண்ட பதிவாளர்கள் ஒரே இடத்தில் ஒரே ஏட்டை வைத்திருப்பது ஆபத்து என்பதை உணர்ந்தனர். கையால் படியெடுத்த காலம் மாறித் தட்டச்சு வந்தது. பிறகு ஒளிப்படப் படிகள் வந்தன. பின்னர் நுண்படச் சுருள்களில் எடுத்து வேறிடத்தில் காத்தனர். இப்பொழுது கணிப்பொறியே ஏடாகிவிட்டது. பல கவுண்டிகளில் பத்திரம் தாளாக வராமல் மின்வழியாகவே வந்து பதிவாகிறது. சிகாகோவின் குக் கவுண்டியில், மக்களின் வாக்கெடுப்பைப் பின்பற்றி, 2020 டிசம்பரில் பதிவாளர் பதவியையே கவுண்டி எழுத்தரின் அலுவலகத்தோடு இணைத்துவிட்டனர். பெயர் மறைந்தது, வேலை மறையவில்லை.

தீயைக் காட்டிலும் மெல்லிய கேடு ஒன்றும் அண்மைக் காலத்தில் நேர்ந்தது. 1995-இல் அடமானக் கடன் தொழிலில் ஈடுபட்டோர் தமக்கென ஒரு தனிப் பதிவுமுறையை அமைத்துக்கொண்டனர். கடன் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும்போதெல்லாம் கவுண்டியில் பதிந்து கட்டணம் செலுத்துவதைத் தவிர்ப்பது அவர்கள் நோக்கங்களுள் ஒன்று. 2008-இல் பொருளாதார நெருக்கடி வந்து இலட்சக்கணக்கானோர் வீடிழக்கும் நிலை தோன்றியபோது, தம் வீட்டின்மேலுள்ள கடன் இப்பொழுது யாரிடம் இருக்கிறது என்பதைக் கவுண்டி ஏட்டைப் பார்த்து அறிய இயலாமல் பலர் திகைத்தனர். ஏடு அங்கேயே இருந்தது. அதில் எழுதவேண்டியதுதான் வேறிடம் சென்றுவிட்டது.

வந்ததை எல்லாம் எழுதிவைக்கும் கடமையின் கொடுமை முன்னர்க் குறிக்கப்பட்டது. அதைச் செயின்ட் லூயிஸ் நகரில் காணலாம். 1911-இல் அந்நகரத்து லபாடி அவென்யூ என்னும் தெருவின் ஒரு பகுதியில் நிலம் உடைய 39 பேருள் 30 பேர் ஓர் உடன்படிக்கை எழுதினர். ஐம்பது ஆண்டுகளுக்குக் கறுப்பினத்தாரோ மங்கோலிய இனத்தாரோ அங்கே குடியிருக்கலாகாது என்பது அதன் கருத்து. அதைப் பதிவும் செய்தனர். பதிவாளர் அலுவலகம் எண்ணும் நாளும் பொறித்து ஏட்டில் ஏற்றியது. 1945-இல் ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பத்தார் அத்தெருவில் ஒரு வீட்டை வாங்கினர். முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஏட்டைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், பதிந்ததை அறியாதவர் இல்லை என்பது விதி. அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். மாநில உயர் நீதிமன்றம் ஷெல்லி குடும்பத்தாருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்கள் தளராமல் வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 1948 மே 3-ஆம் நாள், இத்தகைய உடன்படிக்கையை நிறைவேற்றித்தர எந்த மாநிலத்து நீதிமன்றமும் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தலாகாது என்று அம்மன்றம் தீர்ப்புக் கூறியது. 1968-இல் வந்த வீட்டுரிமைச் சட்டம், இன வேற்றுமை பாராட்டி வீடு மறுப்பதையே குற்றமாக்கியது.

சொற்கள் உயிரிழந்தன, ஆனால், ஏட்டைவிட்டு நீங்கவில்லை. இதுபோன்ற உடன்படிக்கைகள் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருந்தன. புதுவீடு வாங்கும் கறுப்பினத்தார் ஒருவர் தம் பத்திரக் கட்டைப் புரட்டும்போது, தம் இனத்தார் அங்கே வாழலாகாது என்னும் வரியைப் படிக்க நேர்ந்தது. அதை அழித்துவிட்டால் என்ன என்று பலர் கேட்டனர். ஏட்டில் ஏறியதை அழிக்க எந்தப் பதிவாளர்க்கும் அதிகாரம் இல்லை. இன்று ஒரு தீய வரியை அழிக்கும் கை, நாளை ஒருவருடைய நிலத்தையும் அழிக்கக்கூடும்.

இச்சிக்கலை அவிழ்க்கக் கலிபோர்னியா 2021-இல் ஒரு சட்டம் செய்தது. அதன்படி, 2022 ஜூலை முதல் அம்மாநிலத்துக் கவுண்டிப் பதிவாளர்கள் தம் பழைய ஏடுகளைத் தாமே தேடிப் படித்து, இத்தகைய வரிகளைக் கண்டறியும் பணியைத் திட்டமிட்டு மேற்கொள்ளவேண்டும். ஐயத்துக்குரிய பக்கத்தைப் பதிவாளர் கவுண்டியின் வழக்கறிஞர்க்கு அனுப்புகிறார். அவ்வரி சட்டத்துக்கு மாறானதா என்று முடிவு செய்பவர் வழக்கறிஞரே, பதிவாளர் அல்லர். மாறானது என்று அவர் கூறினால், அவ்வரியை மட்டும் மறைத்த புதிய படி ஒன்று பதிவாகிறது. அதற்கும் ஓர் எண்ணும், நாளும் இடப்படுகின்றன. பழைய பக்கம் எரிக்கப்படுவதில்லை. வரலாற்றுச் சான்றாக அது பிறிதோர் இடத்தில் அப்படியே வைக்கப்படுகிறது.